எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. அடுத்து யாரைப் பார்ப்பது?

கரூர்மலர் | ஞாயிறு, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். இங்கே சமையல் பகுதியில்தான் எழுதுவேன், இந்தப் பக்கம் முதல் தடவை.

என் கணவருக்கு 38 வயது. வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஏழெட்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது. "அவ்வளவுதான், போய்விடுவேன் போலிருக்கிறது" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதல் தடவை நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தாயிற்று. கேஸாக இருக்கும் என்று எண்டோஸ்கோப்பியும் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல்.

கடைசியாகப் பார்த்த டாக்டர், "டென்ஷன்தான், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாளைக்குத்தான் எழுதினார். இவர் தெரிந்த மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். அது இல்லாமல் தூக்கமே வராது என்கிறார்.

இப்போது பைக்கில் தனியாகத் திருச்சி ரோட்டில் போவதில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டார், வாசல் பக்கமாகவே நிற்பார். பையன் சத்தமாக டிவி வைத்தால் எரிந்து விழுகிறார். முன்பெல்லாம் இப்படிப்பட்ட மனிதர் இல்லை.

மாமியார், மனம் தெளியும் என்று நம்பிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் போய்த் தங்கி வரலாம் என்கிறார். நாத்தனார் கண் பட்டிருக்கிறது என்கிறார். நான் மனநல டாக்டர் என்று வாயெடுத்ததும், "என்னைப் பைத்தியம் என்கிறாயா?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

இது என்னதான்? கரூரிலேயே பார்க்க முடியுமா? கவுன்சிலிங் என்றால் என்ன செய்வார்கள்? அறிவுரை சொல்வதென்றால் எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

---

நெறியாளர் | திங்கள், காலை 6:15

இழை திறந்தே இருக்கும். யாரும் இங்கே நோயைத் தீர்மானிக்க வேண்டாம், மாத்திரை அளவு சொல்ல வேண்டாம். உடனே பேச ஆள் வேண்டுமென்றால்: 14416 (மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும், இலவசம்), தமிழ்நாட்டில் 104, சென்னை ஸ்நேகா 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

---

தேனி_மருத்துவன் | திங்கள், காலை 7:40

சகோதரி, நான் பொது மருத்துவன், மனநல நிபுணன் இல்லை. ஆனால் இப்படி ஒருவராவது வராத வாரம் என் கிளினிக்கில் கிடையாது.

நீங்கள் எழுதியிருப்பது பீதித் தாக்குதலின் வர்ணனைக்கு வெகு அருகில் இருக்கிறது. பேனிக் அட்டாக் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சடாரென்று ஏறும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும், பிறகு தானாக வடியும். பயத்தில் வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அந்த அறிகுறிகளைப் பார்த்து மனிதர் இன்னும் பயப்படுகிறார், மூச்சு இன்னும் வேகமாகிறது. இதயத்தில் ஒன்றுமில்லாமலே இதய நோயாளி போல ஆகிவிடுகிறார். அவர் நடிக்கவில்லை. அந்தப் படபடப்பு நிஜம்.

தைராய்டு பார்த்தீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, வியர்வை, எரிச்சல் வரும். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். காபி, டீ, சிகரெட் எவ்வளவு என்று கேளுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்மெண்ட் நேரத்தில் டீயிலேயே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சை அழுத்துவது போல வலி வந்தால், இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், "இது பேனிக்தான்" என்று வீட்டில் முடிவு கட்டாமல் உடனே போங்கள்.

இந்த இழையிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது அந்த அல்பிரசோலம்தான். அது வேகமாக வேலை செய்யும், வேகமாகவே இறங்கும். இறங்கும்போது பதற்றம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும், உடனே அடுத்த மாத்திரை. இப்படித்தான் பழக்கமாகிறது. அட்டவணை எச்1 மருந்து அது. சீட்டு இல்லாமல் கொடுப்பதே தவறு, சீட்டோடு கொடுத்தாலும் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்காகப் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

---

பழையசோறு | திங்கள், காலை 9:05

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். என் அப்பா பவர்லூம் ஓட்டி நாலு பிள்ளைகளை வளர்த்தார். கடன், சண்டை, மழையில் ஒழுகும் வீடு, எல்லாம் இருந்தது. பேனிக்கும் இல்லை, டிப்ரஷனும் இல்லை. இப்போது ஒவ்வொரு கவலைக்கும் ஒரு பெயர் வைத்து ஆயிரம் ரூபாய் ஃபீஸ் வாங்குகிறார்கள். கேட்க ஆளிருந்தால் இதெல்லாம் வருமா?

---

அம்பத்தூர்_ரகு | திங்கள், காலை 9:31

ஆரம்பித்துவிட்டார் அண்ணன்.

---

களப்பணி | திங்கள், பகல் 1:20

நான் வடக்கு மாவட்டம் ஒன்றில் மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். முதலில் பழையசோறு அண்ணனுக்கு.

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கவலை நோய் கிடையாது. கடன்காரன் வாசலில் நின்றால் தூக்கம் போவது இயற்கை. அம்மா இறந்தால் மாதக்கணக்கில் அழுவதும் இயற்கைதான். நாங்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு தூரம் வாழ்க்கையைச் சுருக்கியிருக்கிறது. மலர் அக்காவின் கணவர் பைக் ஓட்டுவதை விட்டார், பந்தியை விட்டார், தூக்கத்தை மாத்திரையிடம் கொடுத்துவிட்டார். இனிமேலும் அதை வெறும் கவலை என்று சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794லேயே ஆரம்பித்தாயிற்று. இன்றைக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வேர் அதுதான். சித்த மருத்துவத்தில் மனநோய்களைக் கிரிகை என்று பதினெட்டு வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். கடுமையான நோய் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் அப்பா தலைமுறையில் பயமும் சோர்வும் வேறு பெயரில் நடமாடின. சாயந்திரமானால் சாராயக்கடைக்குப் போனவர்களில் எத்தனை பேர் தூங்குவதற்காகக் குடித்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? "அவளுக்குச் சாமி வருகிறது", "அவன் ஒரு மாதிரி, கண்டுகொள்ளாதே" என்ற பேச்செல்லாம் எந்த ஊரில் இல்லை?

2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலாக ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினையோடு இருப்பதாக அதில் வந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான பிரச்சினைகள் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சைக்கு வரவே இல்லை. வந்தவர்களும் நேராக வருவதில்லை. இதயம், வயிறு, நரம்பு, ஸ்கேன், பிறகு கோயில், கடைசியில்தான் நாங்கள். அந்தச் சுற்றில் ஆகும் செலவைப் பார்த்தால் எங்கள் ஃபீஸ் ஒன்றுமே இல்லை. எங்களிடம் ஃபீஸும் கிடையாது என்பது வேறு விஷயம்.

மலர் அக்கா, உங்களுக்கு:

கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. காலையில் ஓபி சீட்டு போட்டுப் போகலாம். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மாவட்டத் திட்டத்தில் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் டாக்டர் வருவார். எந்த நாள் எங்கே என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். முதல் முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் மறுபடி ஈசிஜியிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஒன்பது கேள்வி கொண்ட பிஎச்க்யூ-9, ஏழு கேள்வி கொண்ட ஜிஏடி-7 என்று இரண்டு தாள்கள் உண்டு. முதலாவது சோர்வுக்கு, இரண்டாவது பதற்றத்துக்கு. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். தமிழிலும் கிடைக்கிறது. இரண்டில் எதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தாலும் நேரில் காட்டுவது நல்லது. அந்த எண்ணை வைத்து நீங்களே நோய்க்குப் பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் ஆளிடம் வாதாடுவதைவிட, இந்தத் தாளைக் கொடுத்து அவரையே டிக் அடிக்கச் சொல்வது பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

குணசீலம் பற்றி. மாமியாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போவது எதற்கும் தடையில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் போவதும், கட்டிப்போடும் இடங்களில் கொண்டுபோய் விடுவதும்தான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்த விடுதியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்க அரசு ஏற்பாடு செய்தது. சாமியையும் டாக்டரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். வாழ வேண்டாம் என்பது போல எப்போதாவது பேசினாரா?

---

கரூர்மலர் | திங்கள், மாலை 4:48

எல்லோருக்கும் நன்றி. தைராய்டு பார்க்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு... போன மாதம் ஒருநாள், "நான் இல்லாவிட்டாலும் எல்ஐசி பணம் வரும், பையன் படிப்புக்கு ஆகும்" என்றார். வாயைக் கழுவுங்கள் என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

---

களப்பணி | திங்கள், மாலை 5:02

அக்கா, இன்றைக்கே அவரிடம் நேராகக் கேளுங்கள். "அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று, இதே சொற்களில். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பெரும்பாலும், யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுவார்கள். திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

ஆமாம் என்றால், அதுவும் எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறார் என்றால், ஓபி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எப்படி இருந்தாலும் மாத்திரைப் பட்டையை உங்கள் பீரோவில் வையுங்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வெளியேற்றுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லவே இல்லை.

---

அம்பத்தூர்_ரகு | திங்கள், இரவு 9:15

கவுன்சிலிங்கில் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பேனிக் இருந்தது. ஐடி வேலை, ரயிலில் ஏற முடியாமல் போனது. நான் போனது அறிதல் நடத்தை சிகிச்சைக்கு. சிபிடி என்பார்கள்.

அறிவுரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை அக்கா! முதல் அமர்வு முழுக்கக் கேள்விகள்தான். எப்போது ஆரம்பித்தது, அந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது, அதற்குப் பயந்து எதையெல்லாம் விட்டேன். பிறகு ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன வந்தது. ஒரு வாரம் எழுதியதும் எனக்கே தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் "ஹார்ட் அட்டாக்" என்ற நினைப்பு வந்த பிறகுதான் படபடப்பு உச்சத்துக்குப் போயிருக்கிறது. முதலில் வருவது சின்னத் துடிப்பு. மாடி ஏறினாலும் வரும், காபி குடித்தாலும் வரும். தெருவில் பூனை ஓடினாலே கத்துகிற கார் அலாரம் மாதிரி என் உடம்பு ஆகியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் வினோதம். பேனிக்கில் வரும் அறிகுறிகளை அந்த அறையிலேயே வரவழைத்தார்கள். நின்ற இடத்தில் ஓடு, சுழல்நாற்காலியில் சுற்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை சுற்றும், ஒன்றும் ஆகாது. இதையே வீட்டிலும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். (முன்கூட்டியே இதய டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்கினார். நீங்களாக வீட்டில் முயல வேண்டாம்.) அப்புறம் ரயில். முதலில் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுத் திரும்புவது, பிறகு ஒரே ஒரு ஸ்டேஷன், கூட்டமில்லாத நேரம். பயம் வந்தால் இறங்காமல் அது வடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடிப்போனால் ஒவ்வொரு முறையும் "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை கற்றுக்கொள்கிறதாம். வாசல் பக்கமாக நிற்கிறார் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். நானும் எல்லாக் கல்யாணத்திலும் அங்கேதான் நின்றேன்.

ஃபீஸ் ஒரு அமர்வுக்கு 1,200 கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் வீடியோ காலில் தொடர்ந்தேன், கொஞ்சம் குறைவு. பொதுவாக 12 முதல் 20 அமர்வு வரை ஆகும் என்பார்கள், எனக்கு அதற்குள் முடிந்தது. படபடப்பு இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் வரட்டும் என்று டிபனைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

---

பழையசோறு | திங்கள், இரவு 10:40

நாற்காலியில் சுற்றுவதற்கு 1,200 ரூபாய். ரங்கராட்டினத்தில் நாற்பது ரூபாய்தான் தம்பி.

கிண்டலை விடுங்கள். சித்தப்பா ஒருவர் இருந்தார், தூங்குவதற்காகவே குடித்தவர். களப்பணி தம்பி எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம். ஆனாலும் எல்லாவற்றையும் மருந்துக்கும் ஃபீஸுக்கும் விடுவது எனக்கு ஒப்பவில்லை. அரசு ஆஸ்பத்திரி என்றால் சரி, போய்ப் பாருங்கள் அம்மா.

---

நெல்லைப்பெண் | செவ்வாய், காலை 11:10

ரகுவுக்கு நல்ல ஆள் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

கல்யாணமான புதிதில் எனக்கு மனச்சோர்வு. சோர்வு என்றால் அழுகை என்று நினைத்திருந்தேன், அழுகையே வரவில்லை. எதுவுமே ருசிக்கவில்லை, அவ்வளவுதான். தலை வாருவது பெரிய வேலையாக இருந்தது. பெரிய போர்டு வைத்த ஆலோசகர் ஒருவரிடம் போனேன். கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "பெண்கள் அனுசரித்துப் போனால் குடும்பம் கோயில்" என்றார். அது போகட்டும். நான் சொன்னதையெல்லாம் என் கணவருக்கு அன்று சாயந்திரமே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரிடமும் போகவில்லை.

ஆகவே கேட்டுப் போங்கள். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பெரும்பாலும் எம்ஃபில் படித்திருப்பார், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பார். அந்த எண்ணைக் கேட்கலாம், கேட்டால் நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். கவுன்சிலர் என்ற பெயரை மட்டும் இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். வாரக் கடைசி வகுப்பில் சர்டிபிகேட் வாங்கியவரும் உண்டு, முறையாக எம்எஸ்சி படித்துப் பயிற்சி எடுத்து அருமையாகப் பார்ப்பவரும் உண்டு. இப்போது நான் போவது இரண்டாவது வகை ஒருவரிடம்தான். என்ன படித்தீர்கள், எந்த முறையில் பார்ப்பீர்கள், மருந்து தேவை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள், எத்தனை அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தைப் பரிசீலிப்போம் என்று முதல் நாளே கேட்டேன்.

மூன்று நான்கு தடவை போயும் அங்கே வாய் திறக்க முடியவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். ஜாதகம் பார்த்த ஜோசியரையே மாற்றுகிறோம்.

---

வழக்கறிஞர்_மதுரை | செவ்வாய், மதியம் 2:35

நெல்லைப்பெண் சொன்ன ரகசிய விஷயத்துக்கு மட்டும்: 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கோ மற்றவர் பாதுகாப்புக்கோ ஆபத்து என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கணவர் என்பது விலக்கு இல்லை.

காப்பீடு: அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். நடைமுறையில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பெரும்பாலான பாலிசி உதவும். வாராவாரம் போகும் தெரபிக்கு, வெளிநோயாளிச் செலவு தரும் பாலிசியாக இருந்தால் ஒழியக் கிடைக்காது. பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

---

வடமராட்சி_கலா | செவ்வாய், இரவு 8:20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தாதி.

போருக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மாமார் ஒருவரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி வந்ததில்லை. தலையிடி, நாரிப்பிடிப்பு (இடுப்புப் பிடிப்பு), உடம்பெல்லாம் எரிவு, நெஞ்சுக்குள் ஏதோ அடைச்ச மாதிரி. பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார்கள். பரசிட்டமோல் குடுத்து அனுப்பினால் அடுத்த கிழமை (வாரம்) வேறோர் இடத்தில் நோவு என்று வந்து நிற்பார்கள். "வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டால்தான் கதை வெளியில் வரும். ஆகவே மலர் பிள்ளை, உம்முடைய கணவர் உடம்பைச் சொல்லிக்கொண்டு போவதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சனம் மனதைச் சொல்வது உடம்பின் வழியாகத்தான்.

இங்கே மனநல வைத்தியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, சாந்தி ஆசனம் போன்றவற்றைச் சிகிச்சையோடு சேர்த்தார்கள். சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். சனத்துக்குப் பழக்கமான வழியாக இருந்தபடியால் வீட்டிலும் செய்தார்கள். பழையசோறு தம்பி கேட்ட "கேட்க ஆள்" என்பதைத்தான் நாங்கள் உளவளத்துணை என்று ஆட்களைப் பயிற்றிச் செய்தோம். கேட்பதற்கும் பயிற்சி வேணும். பயிற்சி இல்லாதவர் இரண்டு நிமிசம் கேட்டுவிட்டுத் தன் கதையைத் தொடங்கிவிடுவார்.

---

புதுஅம்மா_91 | புதன், அதிகாலை 3:10

இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. பிரசவம் ஆகி மூன்று மாதம். பாப்பா அழுதால் கையே போக மாட்டேன் என்கிறது. எல்லோரும் குழந்தை அழகு என்கிறார்கள், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்கிறார் அம்மா.

---

வடமராட்சி_கலா | புதன், காலை 5:45

தாராளமாகக் கேளும் பிள்ளை. முதல் இரண்டு கிழமைக்குள் அழுகையும் சலிப்பும் வந்து போவது கனபேருக்கு நடக்கும். மூன்று மாதம் என்றால் அது வேறு, அதற்கு வைத்தியம் இருக்கு. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி இருக்கு. உம்முடைய ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பிரசவம் பார்த்த டொக்டரிடமோ இந்தக் கிழமைக்குள்ளேயே சொல்லும். உமக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்ய வேணும் என்று நினைப்பு வந்தால், ஆரோ பேசுகிற சத்தம் கேட்டால், விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரி. நீர் கெட்ட தாய் இல்லை.

---

தேனி_மருத்துவன் | புதன், காலை 7:30

கலா அம்மா சொன்னதோடு ஒன்று. மருந்து தேவைப்பட்டால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்குமே என்று பலர் போவதே இல்லை. செர்ட்ரலின் போல, தாய்ப்பால் கொடுக்கும்போதும் டாக்டர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. 14416க்கு இந்த அதிகாலை நேரத்திலும் கூப்பிடலாம்.

---

கரூர்மலர் | அடுத்த வாரம் வியாழன், இரவு 10:05

போய்விட்டு வந்தோம்.

நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு, "சாக வேண்டும் என்று இல்லை, இந்தப் பயத்தோடு எத்தனை நாள் என்றுதான்" என்றார். அன்றிரவே நான் 14416க்குப் பேசினேன், அவர் பேசவில்லை. குடும்பத்தாரும் பேசலாம் என்று சொல்லிப் பொறுமையாகக் கேட்டார்கள். "மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், தூக்க மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று கேட்கப் போகலாம் என்று சொல்லுங்கள்" என்றார் அந்தப் பெண். அது அவருக்கே உறுத்திக்கொண்டிருந்த விஷயம் போல, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தைராய்டு நார்மல். எஸ்சிடலோபிராம் என்று பதற்றத்துக்கும் சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். அல்பிரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஒரு தாளில் அட்டவணை எழுதிக் கொடுத்தார்கள். சைக்காலஜிஸ்ட்டிடமும் அனுப்பினார்கள், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகக் குமட்டல், படபடப்பு கொஞ்சம் கூடியது போலவும் இருக்கிறது. இது சரியா? வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? மாமியார் குணசீலத்துக்குத் தேதி குறித்துவிட்டார், மாத்திரையோடு போகலாம் என்று ஒப்பந்தம்.

---

தேனி_மருத்துவன் | வெள்ளி, காலை 7:20

நல்லது. ஆரம்ப நாட்களில் குமட்டல், கொஞ்சம் கூடுதல் பதற்றம் இரண்டும் எதிர்பார்த்தவையே. அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். அதிகமானால், சாவைப் பற்றிய பேச்சு புதிதாக வந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். நிறைய பேர் பத்தாவது நாளில் "இது வேலைக்காகாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த மருந்து அல்பிரசோலம் போல ஏங்க வைக்காது. ஆனால் இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, தலைசுற்றல் எரிச்சல் வரும். பொதுவாக நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு குறைத்து நிறுத்துவார்கள். எல்லோருக்கும் வாழ்நாள் மருந்து இல்லை.

இன்னொன்று, டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஆண்கள் ரகசியமாக மாத்திரையை நிறுத்தும் காரணம்: தாம்பத்தியத்தில் ஆர்வம் குறையலாம், உச்சம் தாமதமாகலாம். அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம். இதை அவரிடம் இப்போதே சொல்லிவைத்தால் பின்னால் குழப்பம் இருக்காது.

---

அம்பத்தூர்_ரகு | வெள்ளி, காலை 9:50

அண்ணனுக்கு என் வாழ்த்து. வீட்டுப்பாட நோட்டை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள் அக்கா. என் மனைவி எனக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்தாள், தெரபிஸ்ட் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

---

கொங்குநாடன் | சனி, மாலை 6:30

இழை முழுக்கப் படித்தேன். என் அம்மாவுக்கு 67. அப்பா போன பிறகு இரண்டு வருடமாக உடம்பு முழுக்க வலி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பேரன் வந்தாலும் முகத்தில் மாற்றம் இல்லை. இப்போது மறதியும் சேர்ந்திருக்கிறது. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வயதிலும் இது இருக்குமா, இல்லை மறதி நோயா?

---

தேனி_மருத்துவன் | சனி, இரவு 9:05

இருக்கும். விடியலுக்கு முன்பே விழிப்பதும், பிடித்தவை பிடிக்காமல் போவதும் சோர்வின் பழைய அடையாளங்கள். வயதானவர்களுக்குச் சோர்விலேயே மறதி மாதிரி வரும், சிகிச்சையில் தேறும். உண்மையான மறதி நோய் ஆரம்பத்தில் சோர்வு போலவும் தெரியும். நேரில் பார்க்காமல் பிரிக்க முடியாது. போவதற்கு முன் தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை பார்த்து வையுங்கள். சில சோர்வு மருந்துகள் முதியவர்களுக்குச் சோடியத்தை இறக்கும், அதனால் இப்போதைய அளவு தெரிந்திருப்பது டாக்டருக்கு உதவும். சாப்பிடும் எல்லா மாத்திரையையும், வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். மறதியைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் பேசாமல், எப்போது ஆரம்பித்தது, பணம் எண்ணுவதில் தடுமாறுகிறாரா, பழகிய தெருவில் வழி தப்புகிறாரா என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

---

கொங்குநாடன் | சனி, இரவு 9:22

திங்கள் காலை ரத்தம் கொடுக்கச் சொல்கிறேன். வெறும் வயிற்றிலா?

---

தேனி_மருத்துவன் | சனி, இரவு 9:30

சர்க்கரைக்கு மட்டும் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். காலையில் போடும் சர்க்கரை மாத்திரை ஏதாவது இருந்தால், ரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள்.